ஆயில் பிரேக்கும் பெரிய மாப்பிள்ளையும்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. ‘அவர்’ என்று எழுதுவது வயதுக்குத் தரும் மரியாதை, அவ்வளவுதான். என் மனைவியின் அக்காளைக் கட்டியவர். மாமியாருக்கு இரண்டும் பெண்கள், ஆண் வாரிசு கிடையாது. மாமனாரும் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அந்த வீட்டில் கடலைக்காய் பிடுங்க ஆள் சொல்வதிலிருந்து கிணற்றுப் பங்குத் தகராறு வரைக்கும் எதுவானாலும், “பெரிய மாப்பளையை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்” என்பதுதான் பேச்சு. நான் சின்ன மாப்பிள்ளை. அவரைவிட ஒரு சாண் உயரம் அதிகம். இருந்தாலும் சின்ன மாப்பிள்ளைதான்.

கொல்லிமலைக்குத் தார் ரோடு வராத காலம் அது. காபித் தோட்டக்காரர்கள் தங்கள் வசதிக்கு வெட்டிய மண் ரோடு ஒன்று அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ரோட்டில் மிளகும் பலாவும் வாழைத்தாரும் கீழே இறக்கி, உப்பும் மண்ணெண்ணெயும் துணி மூட்டையும் மேலே ஏற்றுவது எங்கள் பிழைப்பு. எங்கள் என்றால் எனக்கும் சகலைக்கும். ஆளுக்கொரு பிக்கப் வண்டி. நான் மேலே திருப்புலி நாட்டில் குடியிருந்தேன், அவர் அடிவாரத்தில். மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர்.

என்னுடையது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வண்டி. ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் கூடவே துள்ளும். பிரேக்கோ கம்பி பிரேக். பெடலை மிதித்தால் வண்டிக்கு அடியில் ஓடும் கம்பிகள் இழுத்துச் சக்கரங்களைப் பிடிக்க வேண்டும். நான்கு கம்பியும் ஒரே மாதிரி இழுத்த நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. மிதித்தால் வண்டி பாறைப் பக்கம் மூக்கைத் திருப்பும். பள்ளத்துப் பக்கம் திருப்பவில்லையே என்று கும்பிடு போட்டுக்கொள்வேன்.

அதனால் இறக்கத்தில் ஒரு வேலை செய்வேன். பெரிய மரக்கட்டை ஒன்றைச் சங்கிலியால் வண்டிக்குப் பின்னால் கட்டி, தரையில் உரச விட்டு இழுத்துக்கொண்டே இறங்குவேன். கட்டை வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து வைக்கும். கீழே வந்ததும் அதை அவிழ்த்து டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடிப்பேன். டீக்கடைக்காரருக்கு என்மேல் பிரியம் அதிகம். மற்றவர்களுக்கு நான் வேடிக்கை. தூரத்தில் புழுதியைப் பார்த்ததுமே, “அடுப்புக்கு வெறகு வருதுங்கோ!” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். சகலை அங்கே பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் வாட்ச், தலையில் படிய வாரிய முடி. சட்டையில் ஒரு பொட்டுப் புழுதி இருக்காது. அவருடையது சண்டைக்குப் பிறகு வந்த வண்டி, ஆயில் பிரேக். குழாயில் ஓடும் ஆயிலே சக்கரத்தைப் பிடித்துவிடும். கட்டை கிடையாது, கம்பி கிடையாது. சிரிக்க மாட்டார். சிரித்திருந்தால்கூட வாய்ச்சண்டை போட்டு ஆறியிருப்பேன். “வாங்க தம்பி, டீ சாப்புடுங்க” என்பார். அதுதான் எனக்கு ஆகாது.

கல்யாணமான புதிதில் என் மனைவி ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அவர் வண்டியில் மேலே வந்தாள். மடியில் ஒரு தூக்குப் போசி. அதில் பால். வந்து இறங்கியதும் மூடியைத் திறந்து காட்டினாள்.

“பாருங்க, மாமா வண்டியில வந்தா ஒரு சொட்டு சிந்தலீங்க.”

அவளுக்கு அது பாலைப் பற்றிய பேச்சு. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. என் வண்டியில் அவள் ஏறினால் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் தாலியையும் பிடித்துக்கொள்வாள். சாமி பெயர்களை முணுமுணுப்பாள். நான் கேட்டால், “சும்மாதானுங்க” என்பாள். அந்தப் பாலைக் காய்ச்சித்தான் அன்று காபி போட்டாள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். தலைச்சன் பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து முடித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். சேதி தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அந்த மலையில் அவளை இறக்க இரண்டே வண்டி. ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது. மாமியார் எதைச் சொல்வார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் பெண்டாட்டி, என் பிள்ளை, அவருடைய வண்டி! நினைத்தாலே வயிறு எரிந்தது. என்ன ஆனாலும் சரி, அவள் என் வண்டியில்தான் இறங்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

சேலத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் தேடி அலைந்து, கவிழ்ந்து நொறுங்கிய ஒரு புது மாடல் வண்டியின் முன் ஆக்சிலைப் பிடித்தேன். அதில் இரண்டு பக்கமும் தனித்தனியாக நீளமான பட்டை செட்டு, ஷாக் அப்சார்பர், ஆயில் பிரேக் டிரம் எல்லாம் இருந்தன. அடிவாரம் வரைக்கும் லாரியில் வந்துவிட்டது. மேலே ஏற்ற வேண்டும். என் வண்டியோ மேலே முன்பக்கம் கழற்றிப் போட்ட நிலையில் நின்றது. ஆத்திரத்தில் முதலில் கழற்றிவிட்டுத்தான் சாமான் தேடவே கிளம்பியிருந்தேன். மிச்சம் இருந்தது சகலையின் வண்டி மட்டும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கியிருப்பார், கூலிகூட வாங்கியிருக்க மாட்டார். அதனால்தான் கேட்கவில்லை. நாளைக்கு அந்த ஆக்சிலைப் பார்க்கும்போதெல்லாம் “பெரிய மாப்பளை கொண்டாந்து குடுத்ததுங்க” என்று மாமியார் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. எங்கள் ஊர் விவசாயிகள் சிலர் சந்தை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்தேன். மூங்கிலில் ஆக்சிலைக் கட்டி, ஆளுக்கு ஆள் தோள் மாற்றித் தூக்கினார்கள். நான் பட்டைகளைத் தலையில் சுமந்தேன். பாதிச் செங்குத்தில் ஒருவர் மூங்கிலை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, வண்டி நம்மளச் சுமக்குமுன்னுதான் கேள்விப்பட்டிருக்கறோம். வண்டிய நாம சுமக்கறது இப்பத்தானுங்க பாக்கறோம்.”

“இது வண்டி இல்லீங்க, வண்டியோட மூக்கு” என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் இன்னொரு தடவை இறக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது.

இவ்வளவும் சகலைக்குத் தெரியக்கூடாது என்பது என் திட்டம். மாட்டி முடித்து ஓட்டிக் காட்டும்போது அவர் முகத்தில் ஈயாடக்கூடாது. அதற்காகவே அடிவாரத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் நாமக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக்கை மேலே வரச் சொல்லியிருந்தேன். சொன்ன நாளில் மெக்கானிக் வந்தார். சகலையின் வண்டியில் வந்தார்! வேறு எதில் வருவார்? மலைக்கு ஏறும் வண்டி வேறு ஒன்றும் இல்லை என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. சகலை இறங்கி வந்து, முட்டுக் கட்டையில் நின்ற என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். புது டிரம்மை விரலால் தட்டினார்.

“ஆயில் பிரேக்குங்களா தம்பி? நல்லதுங்க. எதுனா சாமான் வேணுமுன்னா சொல்லி அனுப்புங்க, கொண்டாந்து போடறேன்.”

சொல்லிவிட்டு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கொஞ்சமாவது கெட்டவனாக இருக்க வேண்டும். இவரிடம் அந்த உபகாரம்கூடக் கிடையாது.

மெக்கானிக் வாய் ஓயாதவர். வெற்றிலையை மென்றுகொண்டே வேலை, துப்பிக்கொண்டே திட்டு. நான் கழற்றாமல் விட்டிருந்த குறுக்குப் பட்டையையும் கழற்றி எறிந்தார். அது இருந்த இடத்துக்குப் புது ஆக்சில் உட்காரவில்லை. சேஸிஸ் சட்டத்தில் இரண்டு பக்கமும் துளை போட்டு, பட்டைகள் தொங்குவதற்குக் கொக்கி அடித்து மாட்ட வேண்டியிருந்தது. குண்டனி நாட்டில் கொடுவாளும் மண்வெட்டியும் அடிக்கும் கொல்லரிடம் போய்க் கொக்கி அடித்து வாங்கினோம். பட்டைச் செட்டைப் பிரித்து, அடியில் இருந்த கனத்த பட்டை ஒன்றை நீக்கி, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் கிரீஸ் தடவி மறுபடியும் அடுக்கிக் கட்டினார். “கர்ப்பஸ்திரீ ஏறோணும், துள்ளக் கூடாது” என்று சொல்லியிருந்தேன். பின் சக்கரங்களுக்குப் பழைய கம்பியே இருக்கட்டும், கை பிரேக்குக்கு ஆகும் என்றார். முன்னால் மட்டும் ஆயில்.

கடைசியாகக் குழாய்களில் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகில் திருகைத் திறந்து மூட வேண்டும். நான் ஒரு சக்கரத்தில் ஆயில் புட்டியைப் பிடித்திருந்தேன், மெக்கானிக் திருகில். பெடலுக்கு ஆள் இல்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள்.

“மிதிம்மா… புடிச்சுக்கோ… உடு!” என்று மெக்கானிக் கீழேயிருந்து கத்துவார். அவள் மிதிப்பாள், விடுவாள். முதலில் பெடல் தொளதொளவென்று தரையைத் தொட்டது. திருகிலிருந்து நுரையாக வந்தது. போகப் போக நுரை நின்று ஆயில் மட்டும் வந்தது.

“ஏனுங்க, இப்ப கல்லாட்டம் நிக்குதுங்க!” என்றாள் மேலேயிருந்து. முகம் முழுக்கச் சிரிப்பு. வயிற்றைத் தாங்கி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயால் ஹாரன் அடித்தாள். அந்த நேரத்தில் எனக்குச் சகலையின் நினைவே வரவில்லை. அன்று ஒரு நாள்தான் அப்படி.

ஓட்டிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. கல்லில் ஏறினால் ஒரு சக்கரம் ஏறி இறங்குவது தெரியும், உடம்பு ஆடாது. பெடலில் பாதத்தை வைத்தால் போதும், வண்டி நேராக நிற்கும். பாறைப் பக்கம் மூக்கைத் திருப்பவில்லை. கட்டையில்லாமல் அடிவாரத்துக்கு இறங்கினேன். டீக்கடைக்காரர் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “வெறகு எங்கீங்க?” என்றார். அவர் முகம் வாடிப்போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாம் மாதம் வந்தது. மாமியார் கட்டுச்சோற்றுக் கூடைகளோடு சகலையின் வண்டியில் மேலே வந்து சேர்ந்தார். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று ஊருக்கே பந்தி. நான் பந்தியைப் பற்றிக் கவலைப்படவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மாமியாரிடம் போனேன்.

“அத்தை, ஒரு நடை நம்ம வண்டியில உக்காந்து பாருங்க. ஓடை வரைக்கும் போயிட்டு வந்துரலாம்.”

போனோம். ஓடைக்குப் போகும் வழி, வழி என்று சொல்வதற்கே லாயக்கில்லாதது. வேண்டுமென்றே அதில் விட்டேன். மாமியார் முதலில் கதவைப் பிடித்தார். பிறகு கையை எடுத்தார். திரும்பி வருவதற்குள் இடுப்பில் செருகிய வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, நிதானமாகப் போட்டுக்கொண்டார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

வாசலில் இறங்கியதும் எல்லார் முன்னாலும் சொன்னார்: “மெத்தையில உக்காந்தாப்பல இருக்குதுங்க மாப்பளை. புள்ளைய இந்த வண்டியிலயே கூட்டிக்கிட்டுப் போயர்லாம்.”

நான் சகலையைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவரை நிமிர்ந்து நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய் கொள்ளாமல் சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் போனேன்.

“நீங்க எங்கீங்க மாப்பளை ஏறறீங்க?” என்றார் மாமியார்.

கதவுப் பிடியில் கை வைத்தபடியே திரும்பினேன்.

“தலைச்சனுக்குப் பொறந்த ஊட்டு ஆளுதான் வந்து கூட்டிக்கிட்டுப் போவோணும். கட்டுனவரு கொண்டாந்து எறக்கி உட்டா, தள்ளி உட்டாப்பல ஆயிருமுங்க சாமி. ஊரு என்ன பேசும்? பெரிய மாப்பளை, நீங்க இந்த வண்டிய எடுங்க. நம்மூட்டுக்கு ஆம்பளைன்னா நீங்கதான?”

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? என் அக்காளை அப்படித்தான் நானே போய்க் கூட்டி வந்தேன். எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளின் தாய் வீட்டார் என் வண்டியையே வாடகைக்குப் பேசி வந்திருக்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் நான் நினைத்ததெல்லாம் எந்த வண்டி என்பதை மட்டும்தான். யார் ஓட்டுவது என்று நினைக்கவே இல்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வழக்கத்தை மீறி அவள் ஒரு வார்த்தை பேச முடியாது.

சகலை சாவிக்குக் கை நீட்டினார். “தம்பி, கியரு எப்படிங்க? ரெண்டாவது இழுக்குமுங்களா?”

“கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிக்கோணுமுங்கண்ணா. சோக்கு பட்டன பாதிக்கு மேல இழுக்காதீங்க.” என் வண்டியின் ரகசியங்களையெல்லாம் என் வாயாலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அவருடைய வண்டியை யார் இறக்குவது? நான்தான். அவர்கள் முன்னால் போக, கூடைகளையும் அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் வரலாம். அடிவாரம் தாண்டி இருக்கும் மாமியார் ஊருக்குள் மட்டும் கூடவே நுழையக் கூடாது, அவள் வீட்டுக்குள் போன பிறகு சாவகாசமாக வர வேண்டும். மாமியார் நடுவில், என் மனைவி ஜன்னலோரம், சகலை என் சீட்டில். கிளம்பினார்கள்.

சரி, இத்தனை வருடமாகப் பொறாமைப்பட்ட வண்டியில்தானே உட்கார்ந்திருக்கிறோம், ஆயில் பிரேக்கில் அவர் எப்படி இறக்குகிறார் என்று இன்றைக்குப் பார்த்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் வளைவு வந்தது. பெடலை மிதித்தேன். கால் அப்படியே தரைக்குப் போனது.

மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் தரை. மூன்றாவது மிதிக்குப் பாதியில் ஏதோ கொஞ்சம் பிடித்தது. அதற்குள் கை பிரேக்கை இழுத்து, வண்டியை முதல் கியரில் தள்ளி, பாறையை உரசி நிறுத்தினேன். அண்டாக்கள் பின்னால் உருண்டன. கத்தினால் முன்னால் போகிறவர்களுக்குக் கேட்காது. கேட்டாலும் என்னவென்று கத்துவது? பின்னால் கட்டிக்கொள்ள ஒரு கட்டைகூட இல்லை. முதல் கியரிலேயே, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே பெடலைக் குத்திக் குத்தி, எறும்பு மாதிரி இறங்கினேன்.

அப்போதுதான் உறைத்தது. இந்த வண்டியில்தான் அவர் தினம் இறங்கினார். இந்த வண்டியில்தான் என் மாமியார் வெற்றிலை போட்டுக்கொண்டே போய்வந்தார். இது ஆயில் பிரேக்கின் வித்தை என்று நான் சேலம் முழுக்கத் தேடி, தலையில் பட்டை சுமந்து… வண்டியின் வித்தை என்றால் மாற்றி மாட்டிவிடலாம். இது அந்த ஆளின் கையிலும் காலிலும் இருந்தது. அதற்கு நான் எங்கே போவேன்? பயத்தில் வேர்த்தது பாதி, இதில் வேர்த்தது பாதி.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் என் வண்டி நின்றிருந்தது. மாமியார் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சகலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

“அண்ணா, உங்க வண்டியில பிரேக்கே இல்லீங்களே!”

“அட, சொல்ல மறந்துட்டேன் பாருங்க. பிரேக்கு ரப்பரு போயி ரொம்ப நாளாச்சுங்க தம்பி. மாத்தோணும் மாத்தோணும்னு நெனைக்கறேன். கியர்லயே பழகிப்போச்சுங்க, தொந்தரவு தெரியறதில்ல.”

“என் வண்டி? பிரேக்கு எப்படிங்க இருந்துது?”

ரேடியேட்டர் மூடியைத் திருகினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “நல்லாத்தான் இருக்குமுங்க. ரெண்டு எடத்துல லேசாத் தொட்டேன். மத்தபடி வேலை வரலீங்க.”

குனிந்து முன் சக்கரத்து டிரம்மில் கை வைத்தேன். பிரேக் பிடித்து மலை இறங்கிய டிரம் சுட வேண்டும். வெயிலில் வந்த சூடு மட்டும்தான் இருந்தது. நிமிர்ந்தபோது ஜன்னலில் என் மனைவியின் முகம் தெரிந்தது. கன்னத்தில் கதவுச் சட்டத்தின் தடம் பதிந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

“அடிவாரம் வந்திருச்சுங்களா? எப்பங்க வந்தோம்?” பிறகு என்னைப் பார்த்தாள். “ஏனுங்க, இப்படி வேர்த்திருக்குது? வண்டி எதாச்சும் மக்கர் பண்ணுச்சுங்களா?”

“ஒண்ணுமில்ல கண்ணு. வெயிலு.”

“மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

சகலை ஏறினார். மாமியார் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். கிளட்ச்சை அவர் இரண்டு தடவை மிதித்தது எனக்குக் கேட்டது. வண்டி குலுங்காமல் ரோட்டில் ஏறியது. அதன் பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே நின்றேன். புளியமரத்து நிழலைத் தாண்டுவதற்குள் அவள் தலை மறுபடியும் ஜன்னலில் சாய்ந்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை.